பின்வண்டியின் விளக்குகள்

இரவு நேரத்தில் சாலையில் செல்லும் வண்டிகளுக்கு விளக்குகளே மொழி. பின்புறத்தில் செந்நிறமாக எரியும் இரு சிறு விளக்குகள், “இங்கே ஒரு வண்டி இருக்கிறது” என்று அறிவிக்கின்றன. அவை திடீரென ஒளி மிகுந்தால், “வேகம் குறைகிறது, நீயும் குறைத்துக்கொள்” என்பது பொருள். ஆரஞ்சு நிற விளக்கொன்று விட்டுவிட்டு மினுக்கினால், வண்டி அப்பக்கம் திரும்பப் போகிறது என்று அறியலாம். பின்னால் வருபவர் முன்னே செல்லும் ஓட்டுநரின் முகத்தைக் காண்பதில்லை. அவர் மனத்திலுள்ளதையும் அறியார். இந்த நான்கைந்து விளக்குகள் சொல்வதை நம்பியே அவர் தம் வண்டியைச் செலுத்துகின்றார். அந்த நம்பிக்கை பொய்த்தால் விளைவது உயிர்ச்சேதம்.

வண்டியின் பின்னால் மற்றொரு வண்டியைப் பூட்டியதும் இம்மொழிக்கு ஓர் இடையூறு நேர்கின்றது. டிரெய்லர் என்று பேச்சில் வழங்கும் பின்வண்டியின் பலகைகளும் அதில் ஏற்றிய சுமையும் முன்வண்டியின் விளக்குகளை முற்றிலும் மறைத்துவிடுகின்றன. ஆகவே, முன்வண்டி சொல்ல வேண்டியவற்றையெல்லாம் பின்வண்டி தன் கடைக்கோடியில் நின்று சொல்லவேண்டியதாகின்றது. அதற்கென அதன் பின்புறத்தில் தனி விளக்குகள் வேண்டும். அவ்விளக்குகளுக்கு முன்வண்டியிலிருந்து மின்கம்பிகள் செல்ல வேண்டும். புதிய வண்டிகளில் இதற்கான வசதி பெரும்பாலும் முன்கூட்டியே எண்ணி அமைக்கப்பட்டிருக்கும். ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட வண்டிகளில் அவ்வாறன்று. அங்கே கம்பியிழுப்பவர் மின்சாரத்தின் இயல்பை நன்கு உணர்ந்திருந்தாலன்றி விளக்குகள் ஒழுங்காக எரியமாட்டா. பிரிட்டனில் செய்யப்பட்ட பழைய லேண்ட் ரோவர் வண்டியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளங்கிக்கொள்ளலாம்.

ரோவர் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக விளங்கிய மாரிஸ் வில்க்ஸ் என்பவருக்கு, வேல்ஸைச் சேர்ந்த ஆங்கிள்சி தீவில் ஒரு பண்ணை இருந்தது. அங்கே அவர் இரண்டாம் உலகப்போரில் பயன்பட்ட ஜீப் ஒன்றை வைத்திருந்தார். சேற்றிலும் மேட்டிலும் தயங்காமல் சென்ற அதனைக் கண்டு, உழவர்களுக்கு ஏற்ற அத்தகைய வண்டியொன்றைத் தம் கம்பெனியே செய்யலாம் என்று அவர் கருதினார். 1947-இல் முதல் மாதிரி வண்டி உருவாயிற்று. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் நகரக் கண்காட்சியில் லேண்ட் ரோவர் மக்கள் முன் வைக்கப்பட்டது. போருக்குப் பிந்திய அக்காலத்தில் பிரிட்டனில் எஃகு பங்கீட்டில் இருந்தது. அலுமினியமோ ஓரளவு தாராளமாகக் கிடைத்தது. ஆதலால் வண்டியின் அடிச்சட்டம் எஃகினாலும், மேலுடல் அலுமினியக் கலவைத் தகட்டினாலும் செய்யப்பட்டன. தட்டுப்பாட்டினால் பிறந்த இம்முடிவு அவ்வண்டிக்கு நீண்ட ஆயுளை அளித்தது. அதன் மின்விளக்குகளுக்கோ ஒரு தொல்லையையும் சேர்த்தே அளித்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

அவ்வரிசையைச் சேர்ந்த வண்டிகள் மூன்று தலைமுறைகளாக 1985 வரை செய்யப்பட்டு வந்தன. அவற்றுள் பல இன்றும் ஓடுகின்றன. ஆடுகளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லவும், விறகும் வைக்கோலும் ஏற்றவும் பின்வண்டிகளை இழுத்துக்கொண்டு அவை கிராமச் சாலைகளில் செல்கின்றன. பிரிட்டனில் கார்களுக்கு ஆண்டுதோறும் தகுதிச் சோதனை உண்டு. ஆனால் 2018 மே மாதம் முதல், நாற்பது ஆண்டு கடந்து, பெரிய மாறுதல் எதுவும் செய்யப்படாத வண்டிகளுக்கு அச்சோதனை கட்டாயமன்று. சாலையில் செல்லத்தக்க நல்ல நிலையில் வண்டி இருக்கவேண்டும் என்னும் சட்டம் மட்டும் அவற்றையும் கட்டுப்படுத்துகின்றது. எனவே, பழைய வண்டியொன்றின் பின்விளக்கு எரிகின்றதா என்று பார்ப்பதற்கு ஆண்டுக்கொருமுறை அயலார் ஒருவர் வருவார் என்னும் உறுதி இல்லை. பார்க்கவேண்டியவர் உடைமையாளரே.

மின்சாரத்தின் முதல் விதி யாவரும் அறிந்ததே. மின்கலத்தின் ஒரு முனையிலிருந்து புறப்படும் மின்னோட்டம் மறுமுனைக்குத் திரும்பி வந்தே ஆகவேண்டும். போகும் வழி இருந்து, திரும்பும் வழி இல்லையாயின், மின்னோட்டம் புறப்படுவதே இல்லை. வீட்டிலுள்ள விளக்குக்கு இரண்டு கம்பிகள் செல்வது இதனாலேயே. ஆனால் மோட்டார் வண்டியில் ஒவ்வொரு விளக்குக்கும் பெரும்பாலும் ஒரே கம்பி செல்வதைக் காணலாம். அவ்வாறாயின், திரும்பும் வழி எது? வண்டியின் உலோக உடலே அவ்வழி. மின்கலத்தின் ஒரு முனையைப் பருத்த கம்பியினால் அடிச்சட்டத்தோடு பிணைத்துவிடுகின்றனர். விளக்கின் இழை வழியே சென்ற மின்னோட்டம், விளக்குக் கூட்டின் உலோகம், அதனைப் பிடித்துள்ள திருகு, உடல், சட்டம் ஆகியவற்றின் வழியாக மின்கலத்தை அடைகின்றது. இதனால் கம்பிச் செலவு பாதியாகக் குறைகின்றது.

இத்திரும்பு வழியைத் தொழிலாளர்கள் ‘எர்த்’ என்பர். எர்த் என்றால் நிலம். ஆயினும் இங்கே நிலத்திற்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. வண்டி நிற்பது ரப்பர்ச் சக்கரங்களின்மீது. வீட்டு மின்னமைப்பிலிருந்து இரவலாகப் பெற்ற பெயர் வண்டியிலும் ஒட்டிக்கொண்டது என்று கொள்ளலாம். மற்றொன்றும் அறியத்தக்கது. இன்றைய வண்டிகளில் மின்கலத்தின் எதிர்முனை சட்டத்தோடு பிணைக்கப்படுகின்றது. ஏறத்தாழ 1967 வரை வந்த லேண்ட் ரோவர்களில் நேர்முனையே அவ்வாறு பிணைக்கப்பட்டிருந்தது. இழையுள்ள சாதாரண பல்புக்கு இவ்வேறுபாடு ஒரு பொருட்டன்று. மின்னோட்டம் எத்திசையில் சென்றாலும் இழை சூடேறி ஒளிவிடும். ஆனால், இக்காலத்துப் பின்வண்டிகள் பலவற்றில் எல்.இ.டி. விளக்குகள் உள்ளன. அவை ஒரு திசையில் செல்லும் மின்னோட்டத்தையே ஏற்கும். திசை மாறினால் எரியா. பழைய வண்டியில் புதிய பின்வண்டியைப் பூட்டுபவர் முதலில் அறியவேண்டியது, தம் வண்டியின் எர்த் நேர்முனையா, எதிர்முனையா என்பதையே.

இனி, பின்வண்டிக்கு வருவோம். அதன் சட்டமும் இரும்பே. விளக்குகளின் மின்னோட்டம் அச்சட்டத்தை அடைந்துவிடும். அங்கிருந்து முன்வண்டியின் சட்டத்திற்கு எப்படிச் செல்வது? இரு வண்டிகளையும் பிணைப்பது, முன்வண்டியிலுள்ள இரும்புக் குண்டும் அதன்மேல் கவிந்து நிற்கும் பின்வண்டியின் கிண்ணமுமாகும். இரண்டும் உலோகமாயிற்றே, அவ்வழியே மின்னோட்டம் சென்றுவிடாதா என்று ஒருவர் கேட்கலாம். சில வேளைகளில் செல்லவும் செல்லும். தொழில் தெரியாதவர்களை ஏமாற்றுவது இதுவே. பட்டறையில் வண்டி அசையாது நிற்கும்போது எல்லா விளக்குகளும் எரியும். சாலையில் இறங்கியதும் கிண்ணம் குண்டின்மேல் புரள்கின்றது; ஒவ்வொரு பள்ளத்திலும் எழுந்து விழுகின்றது. தேய்மானத்தைத் தடுக்க அங்கே பூசியுள்ள கிரீசு மின்சாரத்தைக் கடத்தாது. மழையில் நனைந்து பிடித்த துருவும் கடத்தாது. ஆகையால் இணைப்பு ஒரு கணம் இருக்கும், மறுகணம் இராது. மின்னோட்டம் திரும்புவதற்கெனத் தனிக் கம்பியொன்று கட்டாயமாக வேண்டும்.

பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் இதற்காக ஏழு முனைகளுடைய செருகியும் அதனை ஏற்கும் சாக்கெட்டும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. முன்வண்டியின் பின்புறத்தில் சாக்கெட்டு இருக்கும். பின்வண்டியிலிருந்து வரும் கேபிளின் நுனியில் செருகி இருக்கும். அந்த ஏழு முனைகளுக்கும் எண்ணும் நிறமும் வகுக்கப்பட்டுள்ளன. முதல் முனை, இடப்பக்கத் திசைவிளக்கு, மஞ்சள் கம்பி. இரண்டாவது, மூடுபனி விளக்கு, நீலம். மூன்றாவது, எர்த், வெள்ளை. நான்காவது, வலப்பக்கத் திசைவிளக்கு, பச்சை. ஐந்தாவது, வலப்பக்கப் பின்விளக்கு, பழுப்பு. ஆறாவது, பிரேக் விளக்குகள், சிவப்பு. ஏழாவது, இடப்பக்கப் பின்விளக்கு, கறுப்பு. இட வலப் பின்விளக்குகளுக்குத் தனித்தனிக் கம்பிகள் இருப்பதனால், ஒன்று அறுந்தாலும் மற்றது அணையாது. அண்மைக்காலத்துப் பின்வண்டிகள் பலவற்றில் பதின்மூன்று முனைச் செருகி வந்துவிட்டது. அதனை ஏழு முனைச் சாக்கெட்டில் பொருத்துவதற்கு இடைக்கருவிகள் உள்ளன.

இங்கே ஒரு பொறி மறைந்திருக்கின்றது. முன்வண்டியினுள் ஓடும் கம்பிகளுக்கும் நிறங்கள் உண்டு. அவை வேறு ஒழுங்கைச் சேர்ந்தவை. பிரிட்டிஷ் வண்டிகளின் வழக்கப்படி, வண்டிக்குள் கறுப்புக் கம்பி எர்த். சிவப்புக் கம்பி பின்விளக்கு. பச்சையில் ஊதாக் கோடிட்டது பிரேக் விளக்கு. பச்சையில் சிவப்புக் கோடிட்டது இடத் திசைவிளக்கு. பச்சையில் வெள்ளைக் கோடிட்டது வலத் திசைவிளக்கு. நிறத்தோடு நிறம் சேர்ப்பதே முறை என்றெண்ணி ஒருவர் கறுப்பைக் கறுப்போடு பிணைப்பாராயின், பின்வண்டியின் இடப் பின்விளக்குக் கம்பி நேராக எர்த்தோடு சேர்ந்துவிடும். அந்த விளக்கு ஒருநாளும் எரியாது. சிவப்பைச் சிவப்போடு பிணைத்தாலோ, இரவில் விளக்கைப் போட்டதும் பின்வண்டியின் பிரேக் விளக்குகள் அணையாமல் எரிந்துகொண்டேயிருக்கும். பின்னால் வருபவருக்கு அவ்வண்டி எப்போதும் நிற்கப்போவதுபோலவே தோன்றும். அது மெய்யாகவே நிற்கும்போது அவருக்கு அறிவிக்க ஒன்றும் மிஞ்சாது. பழைய வண்டிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. முற்காலக் கம்பிகளின் உறை ரப்பரும் பருத்தி நூலும் கொண்டது. எண்ணெயும் சேறும் படிந்து, எல்லா நிறமும் ஒரே மண்ணிறமாகிவிட்டிருக்கும். இடையில் வந்த உடைமையாளர்கள் கையில் கிடைத்த கம்பியைக் கொண்டு பழுது பார்த்திருப்பார்கள். ஆதலின் நிறத்தை நம்பாமல் சோதனை விளக்கை நம்புவதே அறிவுடைமை. சிறு பல்பு ஒன்றில் இரு கம்பிகளைப் பொருத்தி, ஒன்றைத் தூய்மையான சட்டத்திலும் மற்றதை ஐயத்திற்குரிய கம்பியிலும் வைத்து, விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் உண்மை வெளிப்பட்டுவிடும்.

ஏழு கம்பிகளுள் எது முதன்மையானது? பார்ப்பதற்கு எந்த விளக்கையும் ஏற்றாததுபோல் தோன்றும் வெள்ளைக் கம்பியே அது. ஏனைய ஆறும் தத்தம் விளக்குக்குரிய மின்னோட்டத்தை மட்டும் கொண்டுசெல்கின்றன. வெள்ளைக் கம்பியோ அவை எல்லாவற்றின் மின்னோட்டத்தையும் ஒருங்கே திருப்பிக் கொணர்கின்றது. கணக்கிட்டுப் பார்க்கலாம். பிரேக் விளக்கு ஒன்று 21 வாட்டு. இரண்டும் சேர்ந்து 42 வாட்டு. மினுக்கும் திசைவிளக்கு 21 வாட்டு. பின்விளக்குகள் ஐந்தைந்து வாட்டாகப் பத்து. எண்பலகை விளக்கு மேலும் 5. ஆக 78 வாட்டு. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 12 வோல்ட்டு மின்கலத்தில் இது 6½ ஆம்பியர். மூடுபனி விளக்கும் எரிந்தால் எட்டு ஆம்பியரைக் கடந்துவிடும். இத்தனையும் ஒரே கம்பியில் திரும்பவேண்டும். எனவேதான் நல்ல கேபிளில் வெள்ளைக் கம்பி மட்டும் மற்றவற்றினும் பருத்திருக்கும்.

அந்த வழியில் அரை ஓம் தடை ஏற்பட்டாலும், அத்துணை மின்னோட்டம் செல்ல முயலும்போது மூன்று வோல்ட்டுக்கு மேல் வீணாகப் போய்விடும். பல்பின் இழை வோல்ட்டுக் குறைவைப் பொறுக்காது. வோல்ட்டு பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி பத்தில் ஒரு பங்கு குறைவதன்று. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகின்றது. அரை ஓம் என்பது பெரிய தடையன்று. துருப்பிடித்த திருகு ஒன்றும் பெயிண்டின்மேல் வைத்து முடுக்கிய வளையம் ஒன்றும் சேர்ந்தால் போதும். போர்க்காலத்து ஜீப்புகளில் இருந்தது 6 வோல்ட்டு மின்கலம். அங்கே அதே 21 வாட்டு ஒளியைப் பெற இருமடங்கு ஆம்பியர் செல்லவேண்டும். ஆகையால் மோசமான எர்த்தினால் அவை அடையும் இழப்பு இன்னும் மிகுதி.

வெள்ளைக் கம்பி முற்றிலும் அறுந்துவிட்டால் என்ன நேரும்? எல்லா விளக்குகளும் அணைந்துபோகும் என்று எவரும் எண்ணுவர். அவ்வாறு அணைந்துவிட்டால் நன்றே. குறை உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும். உண்மையில் நிகழ்வது வேறு. மின்னோட்டம் ஒரு வழி அடைபட்டால் மறுவழி தேடும். இரவில் பின்விளக்கைப் போட்டதும், மின்னோட்டம் பின்விளக்கின் இழை வழியே பின்வண்டியின் சட்டத்தை அடைகின்றது. அங்கிருந்து திரும்ப வெள்ளைக் கம்பி இல்லை. ஆனால் அதே சட்டத்தில் பிரேக் விளக்குகளும் திசைவிளக்குகளும் ஒரு முனையை வைத்திருக்கின்றன. அவற்றின் இழைகளுக்குள் பின்புறமாகப் புகுந்து, அவற்றின் கம்பிகள் வழியே முன்வண்டிக்கு வந்து, அங்குள்ள பிரேக் விளக்கு, திசைவிளக்கு ஆகியவற்றின் இழைகளைக் கடந்து, முன்வண்டியின் சட்டத்தை அடைந்துவிடுகின்றது. 21 வாட்டு இழைகள் பருமனானவை. 5 வாட்டு இழையின் சிறு மின்னோட்டம் அவற்றின் வழியே எளிதாகச் சென்றுவிடும். எனவே பின்விளக்குகள் சற்றே மங்கலாக, ஆனால் குறையொன்றும் இல்லாதவைபோல எரிகின்றன. ஓட்டுநர் இறங்கிப் பார்த்து, “சரி” என்று புறப்பட்டுவிடுகின்றார்.

போகும் வழியில் அவர் பிரேக்கை அழுத்துகின்றார். இப்போது பிரேக் கம்பியிலும் 12 வோல்ட்டு வந்துவிட்டது. இதுகாறும் திரும்பும் வழியாக உதவிவந்த அக்கம்பி, எதிர்நின்று தள்ளுகின்றது. எஞ்சியிருப்பவை திசைவிளக்குகளின் வழிகள் மட்டுமே. பிரேக் விளக்குகளின் பெரிய மின்னோட்டம் அவற்றுள் நுழைய முயன்று தடைப்படுகின்றது. பின்வண்டியின் சட்டம், முன்வண்டியின் சட்டத்தோடு ஒரே நிலையில் இருப்பதை விட்டு, பல வோல்ட்டு விலகிவிடுகின்றது. அதன் பயனாகப் பின்விளக்குகளுக்குக் கிடைத்த வோல்ட்டு பாதிக்கும் கீழே இறங்குகின்றது. பிரேக் விளக்குகளும் அனல் தணிந்த கரிபோலக் கனன்று நிற்கின்றன. ஒளி மிகவேண்டிய நேரத்தில் ஒளி குன்றுகின்றது. பின்னால் வருபவர் காண்பது, முன்னே செல்லும் வண்டியின் விளக்குகள் மங்கி மறைவதை. மங்கும் விளக்கு தொலைவில் செல்லும் வண்டியை நினைவூட்டுவது. நிற்கப்போகும் வண்டியை அன்று. முன்வண்டியின் பிரேக் விளக்குகள் பளிச்சென்று எரிந்துகொண்டுதான் இருக்கும். அவற்றைப் பின்வண்டியின் பலகை மறைத்திருக்கும்.

திசைவிளக்கைப் போட்டால் பின்விளக்குகளும் பிரேக் விளக்குகளும் சேர்ந்து துடிப்பதும், ஒருபக்கம் திரும்பும் சைகைக்கு மறுபக்கமும் மினுக்குவதும் இக்குறையின் வேறு வடிவங்களே. இவற்றைக் கண்டவுடன் பல்பை மாற்றுவதும், சுவிட்சைக் கழற்றுவதும் வீண்வேலை. ஒரு விளக்கைப் போட்டால் தொடர்பில்லாத மற்றொரு விளக்கு அசையுமாயின், தேடவேண்டிய இடம் எர்த்தே.

லேண்ட் ரோவரின் அலுமினிய உடல் இங்கேதான் குறுக்கிடுகின்றது. அலுமினியம் செம்பைப்போல நல்ல கடத்தியே. ஆனால் காற்றுப் பட்டதும் அதன்மேல் மெல்லிய ஆக்சைடுப் படலம் ஒன்று படர்கின்றது. அப்படலம் உலோகத்தை அரிப்பினின்றும் காக்கின்றது, மின்சாரத்தையும் தடுக்கின்றது. அதனினும் கொடியது மற்றொன்று. அலுமினியமும் எஃகும் ஒன்றையொன்று தொட்டிருக்க, இடையே நீரும் உப்பும் சேர்ந்தால், அவ்விடம் ஒரு சிறிய மின்கலம்போல ஆகிவிடுகின்றது. அதில் அலுமினியமே கரைந்து வெண்ணிறத் தூளாக உதிர்கின்றது. பிரிட்டனில் பனிக்காலத்தில் சாலையில் பனி உறையாதிருக்க உப்பைத் தூவுவது வழக்கம். ஆகவே, அலுமினிய உடல் எஃகுச் சட்டத்தோடு சேரும் இடங்களில் வெண்தூள் படிவது இவ்வண்டிகளில் இயல்பு. விளக்கின் எர்த் அந்த உடலையே நம்பியிருந்தால், அது நாள்தோறும் சிறிது சிறிதாக அறுந்துகொண்டிருக்கும். கண்ணுக்கு எல்லாம் முழுமையாகவே தோன்றும்.

இதற்குரிய தீர்வு எளியது. சாக்கெட்டின் மூன்றாம் முனையிலிருந்து பருத்த கம்பியொன்றை எஃகுச் சட்டத்திற்கே கொண்டுசெல்ல வேண்டும். பிணைக்கும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் உலோகம் மின்னும்வரை சுரண்டி, வளையத்தை வைத்து இறுக முடுக்கி, பின்னர் அதன்மேல் கிரீசு பூசவேண்டும். முதலில் உலோகத்தோடு உலோகம், பிறகே கிரீசு. இவ்வரிசை மாறினால் பயனில்லை. சட்டமே பழுதாகித் துண்டு ஒட்டப்பட்ட வண்டியாயின், அக்கம்பியை மின்கலத்தின் எர்த் முனைவரை இழுத்துவிடுவது இன்னும் உறுதியானது.

திசைவிளக்குகளைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். 1948-இல் வந்த லேண்ட் ரோவரில் மினுக்கும் திசைவிளக்கே கிடையாது. ஓட்டுநர் கையை நீட்டிச் சைகை செய்தார். பின்னர் வந்த வண்டிகளில் அவ்விளக்குகளை மினுக்கச் செய்வது, பிளாஷர் என்னும் சிறு கருவி. பழைய பிளாஷர் வெப்பத்தினால் இயங்குவது. அதனுள் மின்னோட்டத்தால் சூடேறும் உலோகம் ஒன்று விரிந்து தொடர்பைத் துண்டிக்கும். குளிர்ந்ததும் மீண்டும் சேர்க்கும். 21 வாட்டு பல்புகள் இரண்டுக்கென, அதாவது 42 வாட்டுக்கென அளந்து செய்த அக்கருவி, பின்வண்டியின் பல்பும் சேர்ந்து 63 வாட்டு ஆனதும், தன் ஒழுங்கில் இயங்குவதில்லை. வெப்பம் விரைந்தேறி, மினுக்கும் வேகம் மிகுந்துவிடும். பிரிட்டனின் விதிப்படி நிமிடத்திற்கு 60 முதல் 120 முறை மினுக்கலாம். அதற்கு மேல் கூடாது. ஆதலால் பெருஞ்சுமை தாங்கும் வேறு பிளாஷரைப் பொருத்துகின்றனர். அதிலும் ஓர் இடர் உண்டு. பழைய கருவியில் ஒரு பல்பு பழுதானால் மினுக்கும் நடையே மாறி ஓட்டுநருக்கு உணர்த்திவிடும். புதியதோ எத்தனை பல்பு அணைந்தாலும் ஒரே கதியில் மினுக்கும். அதற்காகவே, பின்வண்டியின் திசைவிளக்கு இயங்குவதை ஓட்டுநருக்குக் காட்டும் சிறு விளக்கு ஒன்றையும் முன்பலகையில் வைக்கவேண்டும்.

பழைய சுவிட்சுகளும் கம்பிகளும் கூடுதல் மின்னோட்டத்தைத் தாங்குமா என்பதும் எண்ணத்தக்கது. இவ்வண்டிகளில் உருகிகள் மிகச் சில. சில சுற்றுகளுக்கு உருகியே கிடையாது. ஆகவே, பின்வண்டிக்கென மின்கலத்திலிருந்து நேரே ஒரு கம்பி எடுத்து, அதற்குத் தனி உருகி வைத்து, ரிலே என்னும் மின்காந்தச் சுவிட்சுகளின் வழியே விளக்குகளுக்கு அனுப்புவது நல்ல முறை. அப்போது பழைய சுவிட்சு ரிலேயைத் தூண்டும் சிறு வேலையை மட்டும் செய்கின்றது. கடைகளில் கிடைக்கும் ரிலேப் பெட்டிகள் பெரும்பாலும் எதிர்முனை எர்த்துக்கென்று செய்யப்பட்டவை என்பதை நேர்முனை எர்த் வண்டியுடையோர் மறக்கலாகாது. பழைய கம்பியின் உறையைக் கடித்துக்கொண்டு நிற்கும் இடுக்கி இணைப்புகளை விலக்குவது நலம். அவை கடித்த இடத்தில் நீர் புகுந்து செம்பு பச்சை பூத்துவிடும்.

கேபிளின் நீளத்திலும் கருத்து வேண்டும். இரு வண்டிகளும் நேராக நிற்கும்போது அளவாக இருக்கும் கேபிள், வண்டி முழுதும் திரும்பும்போது இறுகிச் செருகியைப் பிடுங்கிவிடும். மிகுதியாகத் தொங்கினாலோ சாலையில் உராய்ந்து தேயும். வண்டியை இருபுறமும் முடிந்தவரை திருப்பிப் பார்த்து அளவைத் தீர்மானிக்கின்றனர். சட்டத்தின் துளைகளில் கம்பி நுழையுமிடத்தில் ரப்பர் வளையம் வைக்கவேண்டும். புகைக்குழாயின் அருகில் அதனைக் கொண்டுசெல்லலாகாது.

எல்லாம் முடிந்தபின் சோதனை. இதற்கு இருவர் வேண்டும். ஒருவர் ஓட்டுநர் இருக்கையில், மற்றவர் பின்வண்டிக்குப் பின்னால். ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியே போட்டுப் பார்ப்பதோடு நிறுத்துவது பலரும் செய்யும் பிழை. தனியே எரியும்போது எர்த்தின் குறை வெளிப்படாது என்பதை மேலே கண்டோம். பின்விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே பிரேக்கை அழுத்தவேண்டும். அழுத்தியபடியே இடத் திசைவிளக்கையும், பிறகு வலத் திசைவிளக்கையும் போடவேண்டும். மூன்றும் ஒருங்கே எரியும்போது எதுவும் மங்காமலும் துடிக்காமலும் இருத்தல் வேண்டும். மங்கினால், நீண்ட கம்பியொன்றை எடுத்து ஒரு நுனியைப் பின்வண்டியின் சட்டத்திலும் மறுநுனியை மின்கலத்தின் எர்த் முனையிலும் வைத்துப் பார்க்கின்றனர். உடனே விளக்குகள் பளிச்சிட்டால், குறை திரும்பும் வழியில்தான் இருக்கின்றது. அதன்பின், அக்கம்பியின் நுனியைப் பின்வண்டியின் சட்டத்திலிருந்து செருகிக்கும், செருகியிலிருந்து சாக்கெட்டுக்கும், சாக்கெட்டிலிருந்து முன்வண்டியின் சட்டத்திற்கும் படிப்படியாக நகர்த்திக்கொண்டே வருகின்றனர். எந்த இடத்தில் வைக்கும்போது விளக்குகள் பளிச்சிடாமல் மீண்டும் மங்குகின்றனவோ, அதற்கும் முன்பு வைத்த இடத்திற்கும் இடையில் உள்ள திருகைக் கழற்றிப் பார்த்தால், வெண்தூளோ துருவோ அங்கே காணக்கிடைக்கும்.